ஒரு பென்னி காகிதம்

ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் செல்போன் அடித்தால் அது நியூஜெர்சிதான். அங்கே அப்போது காலை ஒன்பதரை. எட்டு வயதுப் பேரன் திரையில் வருவான். பாதி நேரம் அவன் மூக்கு மட்டும்தான் தெரியும். போன அக்டோபரில் ஒரு ஞாயிறு, மூக்குக்குப் பதிலாக ஒரு வெள்ளை அட்டை வந்தது. மேலே கொஞ்சம் நீல வர்ணம். அவ்வளவுதான்.

''என்னடா இது, கடலா?''

''ஆகாசம் தாத்தா. ஸ்கூல்ல ஃபால் பெயின்டிங் ப்ராஜெக்ட். ஃபோக் ஆர்ட். மேலேர்ந்து கீழ வரணும். முதல்ல ஆகாசம், அப்புறம் மலை, மரம், வீடு, மாடு. மனுஷங்க கடைசி.''

''மனுஷன் ஏன்டா கடைசி?''

''மிஸ் அப்படித்தான் சொன்னாங்க.''

அது மிஸ் கண்டுபிடித்த சட்டமில்லை. அதை எழுதாமல் எழுதிவைத்த கிழவியின் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பேரனின் பிரச்னையைச் சொல்லிவிடுகிறேன். 'உன் ஞாபகத்தில் இருக்கிற ஃபால்' என்பதுதான் தலைப்பாம். ''எனக்கு ஞாபகமே இல்லையே தாத்தா, ஜூன்லதானே இங்க வந்தேன்'' என்றான். நியாயம்தானே? சென்னையில் பிறந்து எட்டு வருஷம் வளர்ந்த பிள்ளைக்கு இலையுதிர் காலம் எங்கிருந்து ஞாபகம் வரும்? நம் முன்னோர் வருஷத்தை ஆறாக வகுத்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் இலை உதிர்வதற்கென்று ஒரு பருவம் கிடையாது. அக்டோபரில் நமக்கு ஐப்பசி அடைமழை. உதிர்வது தண்ணீர்தான்!

அங்கே அப்படியில்லை. செப்டம்பர் கடைசியில் ராத்திரிகள் குளிர ஆரம்பித்ததும் மரங்கள் கடையைக் கட்டத் தொடங்கிவிடும். இலையில் பச்சையம் சிதையும். அதுவரை பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். மேப்பிள் மாதிரியான சில மரங்கள் அந்தக் கடைசி நேரத்தில் ஆந்தோசயனின் என்கிற சிவப்பைப் புதிதாகத் தயாரிக்கின்றன. பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர் இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். மலைச்சரிவு முழுக்கக் குங்குமத்தையும் மஞ்சளையும் வாரி இறைத்த மாதிரி. மூன்று நான்கு வாரம்தான். அப்புறம் மொட்டை மரங்கள்.

இந்த மாதிரி ஒரு ஊரில், நியூயார்க் மாநிலத்தின் கிரீனிச் என்கிற கிராமத்தில், 1860-ம் வருஷம் செப்டம்பர் 7-ம் தேதி பிறந்தவள் அன்னா மேரி ராபர்ட்சன். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துவிடாதீர்கள். இது அந்த மாநிலத்தின் கிழக்கு ஓரம், வெர்மான்ட் எல்லையை ஒட்டிய மலைப் பிரதேசம். அப்பாவுக்குப் பண்ணை, கூடவே ஒரு சணல்நார் ஆலை. வீட்டில் பத்துக் குழந்தைகள். பத்துக் குழந்தைகள் உள்ள விவசாயி வீட்டில் பொம்மைக்கும் மிட்டாய்க்கும் எங்கே போவது? அந்த அப்பா ஒரு காரியம் செய்தார். பெரிய வெள்ளைக் காகிதம் வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு தாள் ஒரு பென்னி. மிட்டாய் வாயில் போட்டதும் கரைந்துவிடும், காகிதம் அதைவிட நாள் தாங்கும். இதுதான் கணக்கு. கலை வளர்க்கும் எண்ணமெல்லாம் பிறகு மற்றவர்கள் சேர்த்துச் சொன்னது.

காகிதம் வந்தது. வர்ணம்? திராட்சைச் சாறு, எலுமிச்சைச் சாறு, புல், காவிமண், மாவுப் பசை, சுண்ணாம்பு, மரத்தூள். கையில் கிடைத்ததெல்லாம் வர்ணம். 'லேண்ட்ஸ்கேப்' என்று சொல்ல வராமல் தன் படங்களை 'லாம்ப்ஸ்கேப்' என்பாளாம் குட்டி அன்னா. லாம்ப் என்றால் ஆட்டுக்குட்டி. அண்ணன்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா படத்தை வாங்கிப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வார். அம்மாவுக்கோ இதையெல்லாம்விட வீட்டில் உருப்படியான வேலைகள் நிறைய இருப்பதாக எண்ணம். எந்த வீட்டில்தான் இல்லை?

ஒரு பென்னி என்றதும் எனக்கு இன்னொரு பென்னி ஞாபகம் வருகிறது. அதற்கு ஒரு நூறு வருஷத்துக்கும் மேலே பின்னால் போகவேண்டும். பேரன் இருக்கும் நியூஜெர்சியை அடுத்த மாநிலம் பென்சில்வேனியா. ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஸ்கிப்பாக் என்று ஒரு சிற்றூர். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய மென்னொனைட் சமயத்தார் வாழ்ந்த பகுதி. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் டாக் என்று ஒரு வாத்தியார் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஸ்கிப்பாக் பள்ளிக்கூடம், மூன்று நாள் சால்ஃபோர்டு பள்ளிக்கூடம். இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கடிதத்தை அந்தப் பள்ளிக்கு எடுத்துப்போவார், அவர்கள் பதிலை இங்கே கொண்டுவருவார். தபால்காரர் வேலையும் அவருக்கே!

அவர் காலத்தில் வாத்தியார் என்றால் பிரம்பு. டாக் பிரம்பை முடிந்தவரை ஓரமாக வைத்தார். குழந்தை எழுத்துகளை விரலால் தொட்டுப் படித்து அடுத்த வகுப்புக்கு முன்னேறினால், அப்பா அதற்கு ஒரு பென்னி கொடுக்கவேண்டும், அம்மா இரண்டு முட்டை பொரித்துத் தரவேண்டும். இது அவர் வைத்திருந்த சட்டம். வாத்தியார் பங்குக்கு என்ன? ஒரு துண்டுக் காகிதத்தில் தன் கையால் ஒரு பூவோ ஒரு பறவையோ வரைந்து கொடுப்பார்.

இதைத்தான் இன்று ஃபிராக்டுர் என்று மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் எழுத்து வகையின் பெயர் அது. அந்த முறுக்கு எழுத்தைச் சுற்றிலும் துலிப் பூ, கிளி, மஞ்சள் குருவி, இதயம் என்று சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வரைவார்கள். பள்ளிக்கூட வாத்தியார்தான் ஓவியர். பிள்ளைக்கு மாதிரி எழுத்துத் தாள் எழுதிக் கொடுப்பதும் அவர்தான், ஊரில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். வாங்கிய பிள்ளை அதை பைபிளுக்குள்ளோ மரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கமோ பத்திரப்படுத்தியது. பார்த்துப் பார்த்துத் தானும் வரைந்தது. வளர்ந்தபின் அதே துலிப் பெட்டியில் ஏறியது, தட்டில் ஏறியது. அந்த நாட்டார் கலை பரவியது இப்படித்தான். நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தில்.

டாக் தன் முறைகளை 1750-ல் ஒரு புத்தகமாக எழுதிமுடித்தார். அச்சிடச் சொன்னால் பெருமை வந்துவிடுமே என்று கூச்சம். இருபது வருஷம் இழுத்தடித்து 1770-ல்தான் அச்சேறியது. அமெரிக்காவில் வெளிவந்த முதல் கல்விமுறை நூல் அது என்பார்கள். அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டபின் வழக்கம்போலத் தனியாகப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவர் வீடு திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் பார்த்தபோது, மண்டியிட்ட நிலையிலேயே உயிர் போயிருந்தது.

திரும்ப நம் அன்னாவிடம் வருவோம். அவளுக்கு டாக் மாதிரி ஒரு வாத்தியார் ரொம்ப நாள் வாய்க்கவில்லை. ஒரே அறை கொண்ட கிராமத்துப் பள்ளியில் கொஞ்ச நாள் படிப்பு. பன்னிரண்டு வயதில் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். சமையல், துணி துவைப்பது, தையல். ஒரு வருஷம் இரண்டு வருஷமில்லை, பதினைந்து வருஷம்! வேலைபார்த்த வீடு ஒன்றில் சுவரில் மாட்டியிருந்த அச்சுப் படங்களையே அவள் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, அவர்கள் சாக்பீஸும் மெழுகு வர்ணக் குச்சியும் வாங்கிக்கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு நன்றி. வேலைக்காரப் பெண் எதை உற்றுப்பார்க்கிறாள் என்று யார் கவனிக்கிறார்கள்?

1887-ல் தாமஸ் சாமன் மோசஸ் என்பவரோடு கல்யாணம். தெற்கே வர்ஜீனியாவுக்குக் குத்தகை விவசாயத்துக்குப் போனார்கள். வெண்ணெய் கடைந்து விற்றாள், உருளைக்கிழங்கு சிப்ஸ் போட்டு விற்றாள். பத்துப் பிரசவம். ஐந்து குழந்தைகள் சிசுவிலேயே இறந்துபோயின. 1905-ல் மறுபடி வடக்கே, ஈகிள் பிரிட்ஜ் கிராமத்தில் ஒரு பண்ணை. 1918-ல் ஒரு நாள் முன்னறைச் சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், கணப்படுப்பை மூடும் பலகைக்கு வரும்போது காகிதம் தீர்ந்துவிட்டது. வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டி, அதில் ஒரு காட்சியை வரைந்துவிட்டாள். வயது ஐம்பத்தெட்டு. 'லாம்ப்ஸ்கேப்' காலத்துக்குப் பிறகு அவள் வரைந்த முதல் பெரிய படம், காகிதம் பற்றாக்குறையால் வந்தது.

1927-ல் கணவர் காலமானார். கம்பளி நூலில் படங்கள் பின்னிக்கொண்டிருந்தார் பாட்டி (இனி 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை). மூட்டுவாதம் வந்து ஊசி பிடிக்க முடியாமல் போனது. தூரிகை பிடிப்பது சுலபமாக இருக்குமே என்று யோசனை சொன்னவர் தங்கை செலஸ்டியா. வலது கை வலித்தால் இடது கை. வயது எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. ஊர்க் கண்காட்சிக்கு ஜாம் பாட்டில்களையும் படங்களையும் சேர்த்து அனுப்பினார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது. படங்களை யாரும் சீந்தவில்லை.

1938-ல் பக்கத்து ஊரான ஹூசிக் ஃபால்ஸ் மருந்துக்கடை ஜன்னலில் தூசி படிந்து கிடந்த அந்தப் படங்களை, அந்த வழியாக வந்த லூயி கால்டோர் என்கிற எஞ்சினியர் பார்த்தார். மூன்று டாலர், ஐந்து டாலர் விலை. அத்தனையும் வாங்கிவிட்டார். இன்னும் இருக்கிறதா என்று வீட்டுக்கே போனார். பாட்டி வீட்டில் இல்லை. மருமகள் ஒரு பத்துப் படம் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். ராத்திரி தேடினால் ஒன்பதுதான். வாக்குக் கொடுத்தாயிற்றே! பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டிப் பத்தாக்கிவிட்டார் பாட்டி. ஐந்து பிள்ளைகளுக்குப் பங்குபோட்ட கை அல்லவா?

அதன்பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். நாட்டார் கலைக்கு அமெரிக்காவில் மவுசு வந்திருந்த நேரம் அது. நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் 1932-லேயே பெயர் தெரியாத சாமானியர்களின் படங்களையும் பொம்மைகளையும் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியிருந்தது. 1939-ல் அதே மியூசியத்தில் பாட்டியின் மூன்று படங்கள். 1940 அக்டோபரில் தனிக் கண்காட்சி. நடத்தியவர் ஓட்டோ காலிர், ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்தவர். திறப்பு விழாவுக்குப் பாட்டி போகவில்லை. படங்களைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்றாராம்! அடுத்த மாதம் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் அழைத்தபோது போனார், கருப்புத் தொப்பி போட்டுக்கொண்டு. கலையைப் பற்றிப் பேசுவார் என்று கூட்டம் காத்திருந்தது. பாட்டி ஜாம் போடுவது எப்படி என்று பேசினார். 1949-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது. 1953-ல் டைம் பத்திரிகையின் அட்டையில் படம். 1961 டிசம்பர் 13 அன்று, நூற்றியொரு வயதில் மறைவதற்குள் 1,500-க்கும் மேற்பட்ட படங்கள். 1943-ல் அவர் வரைந்த மேப்பிள் சர்க்கரைப் பாகு காய்ச்சும் படம் ஒன்று 2006-ல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கிராண்ட்மா மோசஸ் என்றால் இன்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பேரனின் 'மனுஷங்க கடைசி' சட்டம் இந்தப் பாட்டியுடையதுதான். பலகையை மேஜைமேல் படுக்கவைப்பார். வெள்ளை வர்ணம் மூன்று பூச்சு. பிறகு ஆகாயம். பிறகு தூரத்து மலை, கிட்டத்துக் குன்று, மரங்கள், வீடு, மாடு, கடைசியில் மனிதர்கள். இதில் தத்துவம் எதுவுமில்லை. பின்னால் இருப்பதை முதலில் போட்டால் முன்னால் இருப்பதை அதன்மேல் வைக்கலாம், அவ்வளவுதான். ஒரே சமயத்தில் நாலைந்து பலகைகளைப் பரப்பி எல்லாவற்றுக்கும் ஆகாயத்தை ஒன்றாகப் போட்டுவிடுவார். குழைத்த நீலம் வீணாகக் கூடாது! கண், வாய் மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களுக்குத் தீக்குச்சியும் குண்டூசியும். நிழல் கிடையாது. டெலிபோன் கம்பம் கிடையாது. டிராக்டர் கிடையாது. அதெல்லாம் அவர் ஜன்னலுக்கு வெளியே இருந்தது, பலகைக்குள் விடவில்லை.

சரி, இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? நிழல் போடாதே, மரத்துக்குச் சிவப்புப் புள்ளி வை, களஞ்சியத்துக்குச் சிவப்பு அடி என்று சொன்னால் முப்பது குழந்தைகளும் முப்பது கிராண்ட்மா மோசஸ் படம் போட்டுவிடும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அது ஃபோக் ஆர்ட் இல்லை, ஜெராக்ஸ். இப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால், ஒரு சங்கடம். பாட்டியே காப்பி அடித்தவர்! பத்திரிகைப் படங்கள், வாழ்த்து அட்டைகள் எல்லாவற்றையும் வெட்டிவெட்டிப் பெட்டியில் சேர்த்துவைத்திருப்பார். ஓடுகிற குதிரை வேண்டுமா, வான்கோழி துரத்தும் பையன் வேண்டுமா, எடுத்துப் பலகையில் வைத்து உருவத்தைப் பதித்துக்கொள்வார். டாக் வாத்தியாரின் பிள்ளைகளும் அவர் பூவைப் பார்த்துத்தானே வரைந்தார்கள்? நாட்டார் கலையில் காப்பி குற்றமில்லை. குதிரையைக் கடன் வாங்கலாம். அது ஓடும் மலைச்சரிவு எந்த மாதத்தில் எந்த நிறத்தில் இருக்கும் என்பதைக் கடன் வாங்க முடியாது. ஹூசிக் பள்ளத்தாக்கின் எத்தனையோ அக்டோபர்களைப் பாட்டி பார்த்திருந்தார், அதுவும் வேலைசெய்துகொண்டே.

அப்படியானால் ஜூனில் வந்திறங்கிய பிள்ளை என்ன செய்வான்? பாட்டியின் படம் ஒன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. ட்ராய் நகரம் எரிந்ததைப் பல தடவை வரைந்திருக்கிறார். அங்கே ஆற்றின்மேல் இருந்த மரப்பாலத்தில் ரயில் எஞ்சின் தீப்பொறி விழுந்து ஊரே பற்றிக்கொண்டது 1862 மே மாதத்தில். அப்போது அவருக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை! ஒரு பத்திரிகைப் படத்தை வைத்துக்கொண்டுதான் வரைந்தார். அடுத்தவர் சொன்ன ஞாபகத்தையும் தன் ஞாபகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவர் தயங்கவில்லை.

எனக்கு ஒரு ஞாபகம் இருந்தது. நாங்கள் பையன்களாக இருந்தபோது தெருக்கோடியில் ஒரு நாட்டு வாதுமை மரம். பாதாங்கொட்டை மரம் என்போம். கல்லால் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்போம். தை, மாசியில் அதன் இலைகள் ரத்தச் சிவப்பாகும். முறம் மாதிரி பெரிய இலை, ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழும். நான் பார்த்த ஒரே இலையுதிர் காலம் அதுதான். நாலாம் வகுப்பில் அதை அப்படியே சிவப்பாக வரைந்தேன். டிராயிங் மாஸ்டர் நோட்டை வாங்கி, சிவப்பு மையாலேயே பெருக்கல் குறி போட்டு, ''இலை பச்சைடா முட்டாள்'' என்றார். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே அந்த மரம் தெரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னைமரம். பத்தாவது வரைக்கும் அதே படம்தான். நீங்களும் அதைத்தானே வரைந்தீர்கள்?

இதைப் பேரனிடம் சொன்னேன். மாஸ்டரைத் திட்டிய பகுதியை மகள் கேட்காத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவனுக்கு அந்த மரத்தைப் பற்றித்தான் நூறு கேள்வி. இலை எவ்வளவு பெரிசு, விழும்போது சத்தம் கேட்குமா, காம்பும் சிவப்பா. நான் திரைக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினேன்.

பாட்டி படித்த அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தை 1972-ல் வெர்மான்ட்டில் உள்ள பென்னிங்டன் மியூசியத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாட்டியின் படங்களும் அங்கே நிறைய. அடுத்த இலையுதிர் காலத்துக்கு எல்லோரும் அங்கே போவதாகத் திட்டம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் படம் முடிந்து வாட்ஸ்அப்பில் வந்தது. மேலே ஆகாசம், நீல மலை, சிவப்பும் மஞ்சளுமாக மேப்பிள் மரங்கள், ஒரு களஞ்சியம், ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்த ஒரு மாடு. வலது ஓரத்தில் மட்டும் சம்பந்தமில்லாமல் ஒரு மரம், வீட்டுக் கதவளவு சிவப்பு இலைகளோடு. அதன் கீழே கல்லால் எதையோ உடைத்துக்கொண்டு ஒரு பையன். டிராயர் போட்டிருக்கிறான், சட்டை இல்லை. ''அந்தக் காலத்துல எங்களுக்குச் சட்டை இருந்ததுடா'' என்றேன்.

''மனுஷங்க கடைசிதானே தாத்தா. அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு.''